உப்பளப் படங்களும் ஓடிப்போகும் நீலமும்

கேள்வி: தூத்துக்குடியில் பல ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்துவருகிறேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் உப்பளங்களுக்குப் போய் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றை லேபில் கொடுத்து அச்சிட மனம் வரவில்லை. கையாலேயே செய்யலாம் என்று இரும்பு உப்புகளைப் பூசி வெயிலில் நீலப் படம் எடுக்கும் சயனோடைப் முறைக்கான ரசாயனங்கள் வாங்கினேன். வெயிலில் வைக்கும்போது அழகாகத் தெரியும் படம், கழுவும்போது வெளிறிப்போகிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய உப்பு அம்பாரம் நீலம் பாய்ந்து அழுக்காக நிற்கிறது. பூச்சும் திட்டுத்திட்டாக விழுகிறது. "இதை விட்டுவிட்டு பிளாட்டினத்துக்கோ வெட் பிளேட்டுக்கோ போ" என்கிறார் ஒரு நண்பர். உப்பளத்து உப்பையே வைத்துப் படம் அச்சிட முடியும் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? அச்சிட்ட படத்தில் நூல் தைப்பது, தங்க ரேக்கு ஒட்டுவது, உப்புக் கல்லையே பதிப்பது என்றும் யோசனை இருக்கிறது. எதில் தொடங்கி எங்கே போகலாம்?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: வணக்கம். இப்போதைக்குச் செய்முறையை மாற்ற வேண்டாம். உங்களுக்கு வந்திருக்கும் மூன்று கோளாறுகளும் சயனோடைப்பின் குறை அல்ல. தண்ணீர், காகிதம், வெயில் நேரம், பூசிக் காயவைக்கும் விதம், நெகட்டிவ் என்பவற்றில் ஏதோ ஒன்று, அல்லது சில சேர்ந்து செய்கிற வேலை. இவற்றைச் சரிசெய்யாமல் பிளாட்டினத்துக்கு, அதாவது பிளாட்டின உப்பைப் பூசி அச்சிடும் முறைக்கு, போனால் அதே கோளாறுகள் அங்கேயும் வரும். ஒவ்வொரு தவறுக்கும் ஆகும் செலவுதான் பல மடங்காகும்.

முதலில் எது காரணம் என்று பிரித்துப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் காகிதத்தில் இரண்டு விரல் அகலத் துண்டுகள் நான்கு வெட்டி, எல்லாவற்றிலும் ஒரே கரைசலைப் பூசி, இருட்டில் காயவையுங்கள். முதல் துண்டை வெயில் காட்டாமலே தண்ணீரில் கழுவுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் நெகட்டிவ் எதுவும் வைக்காமல் உச்சி வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஒன்றை போர் தண்ணீரிலும் மற்றதைக் கேன் தண்ணீரிலும் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். நான்காவது துண்டை ஒரு நாள் முழுக்க அலமாரியில் இருட்டில் வைத்துவிட்டு, மறுநாள் வெயில் காட்டாமல் கழுவுங்கள்.

முதல் துண்டு கழுவியதும் வெறும் வெள்ளைக் காகிதமாகத் திரும்ப வேண்டும். அதில் நீலம் தங்கினால் கோளாறு ரசாயனத்திலோ காகிதத்திலோ பூசிய அறையின் வெளிச்சத்திலோ இருக்கிறது. முதலாவது வெள்ளையாக வந்து நான்காவது மட்டும் நீலம் பாய்ந்திருந்தால் குற்றவாளி கடற்கரை ஈரக்காற்று. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவு கருநீலமாக வந்தால் தண்ணீர்மேல் பழி இல்லை. போர் தண்ணீர்த் துண்டு மட்டும் வெளிறினால் தண்ணீரேதான். இரண்டுமே வெளிறினால் காகிதத்தைச் சந்தேகியுங்கள். இரண்டும் நல்ல கருநீலமாக இருந்தும் உங்கள் படங்கள் மட்டும் வெளிறிக்கொண்டே இருந்தால், வெயில் போதவில்லை.

இந்த நீலம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் மேலே சொன்னது விளங்கும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டில் உள்ள இரும்பைப் புற ஊதா ஒளி ஒரு படி குறைக்கிறது. குறைந்த இரும்பு பொட்டாசியம் ஃபெரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த இந்த வேதியியல் இன்றுவரை மாறவில்லை. அந்த நீலம் அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. காரம் பட்டால் நீலம் சிதைந்து வெளிறிய மஞ்சள் பழுப்பு இரும்புக் கறை மட்டும் மிஞ்சும். கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டுகள் நீரைக் காரப் பக்கம் தள்ளுகின்றன. காகிதத்திலும் இதே வம்பு உண்டு. ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டு விற்கும் நல்ல ஓவியக் காகிதங்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புத் தூள், வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருக்கும். நீர்வண்ண ஓவியருக்கு அது பாதுகாப்பு, உங்களுக்கு அது பகை. விலை கூடிய காகிதம் வாங்கியும் படம் கெட்டது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

காகிதத்துக்கு இரண்டு வழிகள். கார்பனேட் சேர்க்காத காகிதமாகவே வாங்கலாம். ஆர்ஷ் பிளாட்டின், ஹானமூல பிளாட்டினம் ராக் போன்றவை இந்தச் செய்முறைகளுக்கென்றே வருகின்றன, விலை அதிகம். இல்லையென்றால் நல்ல பருத்திக் காகிதம் எதையாவது வாங்கி நீங்களே கார்பனேட்டை நீக்கலாம். ரசாயனக் கடையில் சல்ஃபமிக் அமிலம் தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 முதல் 100 கிராம் வரை கரைத்து, காகிதத்தை மூழ்கவிடுங்கள். கார்பனேட் இருந்தால் காகிதத்தின் முகத்தில் பொடிக் குமிழிகள் கிளம்பும். கிளம்புவது நிற்கும்வரை, சுமார் அரை மணி நேரம், வைத்திருந்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சிட்ரிக் அமிலத்தாலும் செய்யலாம் என்பார்கள். அதில் உண்டாகும் கால்சியம் சிட்ரேட் எளிதில் கரையாமல் நாருக்குள் தங்குவதால் சல்ஃபமிக் மேல். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதப் பிரிவு பருத்திக் கந்தலிலிருந்து செய்யும் காகிதங்களும் சோதித்துப் பார்க்கத் தக்கவை. கைக்காகிதம் தாளுக்குத் தாள் மாறும் என்பதால், பத்துத் தாள் வாங்கினால் அதில் ஒன்றைச் சோதனைக்கே வெட்டிவிடுங்கள். எதுவானாலும் சதுர மீட்டருக்கு 250 கிராமுக்குக் குறைந்த கனம் வேண்டாம். பின்னால் நூல் தைக்கப் போகிறீர்கள்.

கரைசலுக்கு வருவோம். பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லியாக்குங்கள். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமைத் தனியே அதேபோல 100 மில்லியாக்குங்கள். இரண்டும் தனித்தனிப் பழுப்புக் குப்பிகளில் இருக்கட்டும். பூசும் நேரத்தில் மட்டும் சம அளவு கலக்க வேண்டும். சிட்ரேட் கரைசலில் பூஞ்சைப் படலம் மிதக்கும். வடிகட்டினால் போதும், கரைசல் கெட்டுவிடவில்லை. கலந்த கரைசல் எலுமிச்சைப் பச்சையாக இருக்க வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தில் நீலம் தெரிந்தால் கொட்டிவிடுங்கள். பெயரில் சயனைடு இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃபெரிசயனைடைக் கடும் அமிலத்தோடு கலக்காமல், நெருப்பில் காட்டாமல் இருந்தால் வீட்டில் வைத்துக் கையாளலாம். சமையலறைப் பாத்திரம் மட்டும் எதற்கும் எடுக்காதீர்கள்.

திட்டுத்திட்டாக விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதிகமாக ஊற்றுவது. 8x10 அங்குலப் பரப்புக்கு 2 முதல் 2.5 மில்லி போதும். ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து, காகிதத்தின் நடுவில் ஒரு கோடாக விடுங்கள். தூரிகை இரும்புப் பட்டை இல்லாததாக இருக்க வேண்டும். பட்டையில் துரு இருந்தால் நீலப் புள்ளிகள் விழும். தூரிகையை முதலில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்துவிட்டால் அது கரைசலைக் குடிக்காது. இடவலமாக ஒரு சுற்று, மேலிருந்து கீழாக ஒரு சுற்று, கடைசியாகக் காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் இன்னொரு சுற்று. அதோடு கையை எடுத்துவிடுங்கள். நிறைய பேர் இங்கேதான் கெடுக்கிறார்கள். ஈரம் உறிஞ்சப்பட்டுப் பளபளப்பு மங்கத் தொடங்கிய பிறகும் தேய்த்தால் நார் கிளம்பி, படத்தில் கோடுகளாகவே தெரியும். பூச்சு காகிதத்துக்குள் இறங்கி மறைகிறது என்றால் காகிதத்தில் பசைப்பதம் போதவில்லை. 2 சதவீத ஜெலட்டின் கரைசலில் முக்கிக் காயவைத்துப் பிறகு பூசுங்கள்.

காயவைப்பதில் தூத்துக்குடிக்காரர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். சிட்ரேட் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரமான பூச்சு இருட்டிலும் மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டிருக்கும். மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம், பிறகு ஹேர் டிரையரில் சூடில்லாத காற்று, உடனே வெயில். முதல் நாள் இரவு பூசி மறுநாள் வெயில் காட்டும் வழக்கத்தை விட்டாலே உங்கள் உப்பு அம்பாரம் பாதி வெளுத்துவிடும் என்று நினைக்கிறேன்.

இனி வெயில். "வெயிலில் அழகாகத் தெரியும் படம் கழுவும்போது வெளிறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அழகாகத் தெரியும்போது எடுத்துவிடுகிறீர்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த நேரத்தில் எடுத்தால் வெளிறத்தான் செய்யும். பூச்சு மஞ்சள் பச்சையிலிருந்து பச்சைக்கும், பிறகு நீலச் சாம்பலுக்கும் போகும். நிழல் பகுதிகள் அதையும் தாண்டி, கருமை குறைந்து, வெள்ளி பூத்த சாம்பல் நிறத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கட்டத்தில் படம் பார்க்கச் சகிக்காது, நிழலும் வெளிச்சமும் தலைகீழானதுபோல் தோன்றும். அப்போதுதான் எடுக்க வேண்டும். கழுவும்போது அந்தச் சாம்பல் நிழல் மறுபடி நீலத்துக்கு வரும். முழு ஆழம் காற்றுப் பட்டு ஒரு நாளில் வந்து சேரும். உடனே பார்க்க வேண்டுமென்றால் ஒரு லிட்டர் நீரில் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மேசைக்கரண்டி விட்டு அதில் சில நொடிகள் முக்குங்கள். ஆழம் கூடாது, சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

காலை பத்தரைக்கும் மதியம் இரண்டுக்கும் இடையில் வேலையை வைத்துக்கொண்டு, ஒரே தாளில் 3, 6, 9, 12, 16, 20 நிமிடம் என்று அட்டையை நகர்த்தி நகர்த்திச் சோதனைப் பட்டை எடுங்கள். நெகட்டிவும் காகிதமும் கண்ணாடிக்கு அடியில் இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். கீழே அரை அங்குல ஃபோம் வைத்துக் கிளிப்பால் இறுக்கினால் போதும், விலையுயர்ந்த சட்டம் தேவையில்லை. கழுவும்போது முதல் தொட்டியில் ஒரு லிட்டருக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு 5 நிமிடம், பிறகு சாதாரண நீரில் மஞ்சள் முற்றிலும் போகும்வரை 10 முதல் 15 நிமிடம். கடைசி அலசலாவது கேன் தண்ணீராக இருக்கட்டும். அமிலத் தொட்டி இடைநிறங்களைக் காப்பாற்றும். உங்கள் படங்களுக்கு அது ரொம்ப முக்கியம். போர் தண்ணீரில் மணிக்கணக்கில் போட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

நெகட்டிவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஃபோட்டோஷாப்பில் தலைகீழாக்கி ஜெராக்ஸ் கடையில் ஓஹெச்பி ஷீட்டில் எடுப்பதாக ஊகிக்கிறேன். லேசர் டோனரில் கருமை போதாது, ஊசித் துளைகளும் இருக்கும். அதனாலும் உப்பு நீலமாகிறது. அவசரத்துக்கு ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தலாம். நிலையான தீர்வு, இன்க்ஜெட் பிரிண்டரும் அதற்கென வரும் பிக்டோரிகோ வகை ஷீட்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, இடவலம் திருப்பி, நிறங்களைத் தலைகீழாக்கி அச்சிடுங்கள். மை படிந்த பக்கம் காகிதத்தைத் தொட வேண்டும்.

ஆனால் திரையில் அழகாக இருக்கும் படத்தை அப்படியே நெகட்டிவாக்கினால் சயனோடைப்பில் இடைநிறங்கள் இருண்டு போகும், வெளிச்சப் பகுதிகள் வெறுமையாகும். இதற்கு ‘கர்வ்’ செய்ய வேண்டும், அதாவது ஃபோட்டோஷாப்பில் நிறச் செறிவைக் கூட்டிக் குறைக்கும் வளைவுக் கோட்டை அமைக்க வேண்டும். முதலில் அச்சிடாத வெறும் ஷீட்டைப் பூசிய காகிதத்தின் பாதியில் வைத்து, மீதிப் பாதியைத் திறந்து விட்டுச் சோதனைப் பட்டை எடுங்கள். ஷீட்டுக்கு அடியில் உள்ள நீலமும் திறந்த பகுதி நீலமும் வித்தியாசம் தெரியாமல் ஒன்றாகும் மிகக் குறைந்த நேரம்தான் உங்கள் அடிப்படை நேரம். அதன்பிறகு அதை மாற்றக் கூடாது. வெள்ளையிலிருந்து கறுப்புவரை 21 கட்டங்கள் உள்ள ஒரு பட்டையை நெகட்டிவாக அச்சிட்டு அந்த நேரத்துக்கு வெயில் காட்டிக் கழுவிக் காயவைத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டமும் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து வளைவைத் திருத்துங்கள். இரண்டு மூன்று சுற்றில் கைக்கு வந்துவிடும். மேகம் குறுக்கிட்டால் எல்லாக் கணக்கும் தவறும். மழைக்காலத்துக்கு 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான புற ஊதா எல்இடி ஃபிளட் லைட் ஒன்று வாங்கி வைப்பது நல்லது; எரியும்போது அதைப் பார்க்காதீர்கள்.

உப்பளப் படங்களுக்கென்று ஒரு சங்கதி உண்டு. அம்பாரத்தின் வெள்ளையை வெறும் காகித வெள்ளையாக விட்டால் அது உப்பாகவே தெரியாது, படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு உப்புக் கல்லுக்கும் ஒரு சின்ன நிழல் உண்டு. அந்த நிழல் மங்கலான நீலமாகப் பதிந்து, வெயில் மின்னும் முனைகள் மட்டும் காகித வெள்ளையாக நிற்க வேண்டும். வளைவைத் திருத்தும்போது 21 கட்டங்களில் வெளிச்சப் பக்கமுள்ள முதல் நான்கைந்து கட்டங்களில்தான் உங்கள் நேரம் முழுவதும் போக வேண்டும். ஆட்களின் கறுப்புச் சட்டை மடிப்பு தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

பாத்தி நீருக்கும் வானத்துக்கும் நீலம் பொருந்தும். உப்பு வாருகிறவரின் முகத்துக்கும் கைக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. எனக்குப் பொருந்தாது என்றே படுகிறது. அதற்கு நிறம் மாற்றும் வழி இருக்கிறது, அதுவும் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே. கலம்காரித் துணியில் கறுப்பு எப்படி வருகிறது? துணியைக் கடுக்காயில் ஊறவைத்து அதன்மேல் இரும்புக் கரைசலால் வரைகிறார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகிறது. உங்கள் படத்தில் இரும்பு ஏற்கெனவே இருக்கிறது. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 20 கிராமை ஒரு லிட்டர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, துணியில் இருமுறை வடிகட்டி ஆறவிடுங்கள். முழுவதும் காய்ந்து ஒரு நாளான படத்தை எடுத்து, லிட்டருக்கு 2 கிராம் சலவை சோடா கரைத்த நீரில் போடுங்கள். வாஷிங் பவுடர் அல்ல, சோடியம் கார்பனேட். சில நொடிகளில் நீலம் கரையத் தொடங்கும். முழுக்க வெளுக்கவிட்டால் பழுப்புக் கறுப்பு வரும், பாதியில் எடுத்தால் நிழலில் நீலம் தங்கிய கருநீலம் வரும். எடுத்தவுடன் நான்கைந்து முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். சோடா மிஞ்சினால் நிறம் சேறாகும். பிறகு கடுக்காய் நீரில் 10 முதல் 30 நிமிடம். வெள்ளைப் பகுதிகளும் கொஞ்சம் பழுப்பேறும், அதைத் தவிர்க்க முடியாது. டீத்தூளிலும் இதே வேலை நடக்கும், கறை இன்னும் அதிகம். வெளுக்காமலே நேராகக் கடுக்காயில் போட்டால் நீலம் இருண்டு மட்டும் கொடுக்கும். உப்பு வெள்ளையாகவே இருக்க வேண்டிய படங்களுக்கு நிறம் மாற்ற வேண்டாம் என்பேன்.

உப்பளத்து உப்பு கேள்விக்கு வருகிறேன். முடியும். உங்கள் கடிதத்தில் இருக்கும் யோசனைகளிலேயே சிறந்தது இதுதான், ஏனென்றால் இங்கே படம் எதைக் காட்டுகிறதோ அதுவே படத்தைச் செய்கிறது. ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1830களில் கண்ட சால்ட் பிரிண்ட், காகிதத்தில் உப்பு ஏற்றி அதன்மேல் சில்வர் நைட்ரேட் பூசி, அங்கேயே சில்வர் குளோரைடு உண்டாக்கும் முறை. கழுவாத கல்லுப்பை எடுத்து, வாணலியில் ஈரம் போக வறுத்து, எடைபோடுங்கள். ஈர உப்பை எடைபோட்டால் அளவு தவறிவிடும். அயோடின் சேர்த்த மேசை உப்பு வேண்டாம். 20 கிராம் உப்பையும் 8 கிராம் ஜெலட்டினையும் ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, சேறு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். காகிதத்தை அதில் மூன்று நிமிடம் ஊறவைத்து உலர்த்துங்கள். மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், 12 கிராம் சில்வர் நைட்ரேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் 100 மில்லியாக்கிய கரைசலைப் பூசுங்கள். குழாய்த் தண்ணீரை எடுத்தால் அதிலுள்ள குளோரைடு குப்பியிலேயே வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், கரைசல் பால்போல் கலங்கும். வெயில் காலத்தில் அந்த 100 மில்லியில் 5 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் பூச்சு பழுப்படைவது தாமதமாகும்.

கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கால்சியமும் கலந்திருக்கும். மெக்னீசியம் ஈரத்தை இழுப்பதால் காகிதம் சரியாகக் காயாமல் நெகட்டிவில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டினால் நெகட்டிவில் வெள்ளி படிந்து அதுவும் பாழ். நடுவில் மிக மெல்லிய பாலியெஸ்டர் ஷீட் ஒன்று வைத்துவிடுங்கள். சுத்தமான சோடியம் குளோரைடில் இன்னொரு தாளும் செய்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உங்கள் ஊர் உப்பு என்ன செய்கிறது என்று தெரியும். வெயிலில் படம் கண்ணெதிரே தெரியும். வேண்டியதைவிட நன்றாகவே கருத்த பிறகு எடுங்கள். லிட்டருக்கு 20 கிராம் உப்பு நீரில் 5 நிமிடம், பால் கலங்கல் நிற்கும்வரை தண்ணீர், பிறகு லிட்டருக்கு 150 கிராம் ஹைப்போவும் (படத்தை நிலைநிறுத்தும் சோடியம் தயோசல்ஃபேட்) 2 கிராம் சலவை சோடாவும் கரைத்த இரண்டு தொட்டிகளில் தலா 4 நிமிடம், கடைசியில் முக்கால் மணி நேரம் அலசல். ஹைப்போவில் படம் செம்பழுப்பாகி வெளிறும், காய்ந்ததும் கொஞ்சம் இருளும்.

எச்சரிக்கைகள்: சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்புக் கறை வாரக்கணக்கில் போகாது, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண் கவசம் இல்லாமல் குப்பியைத் திறக்காதீர்கள். ஹைப்போ பட்ட கையோ தூரிகையோ வெள்ளி பூசும் மேசைக்கு வரக் கூடாது. சயனோடைப்புக்குச் செய்த நெகட்டிவ் இதற்குச் சப்பையாக இருக்கும். சால்ட் பிரிண்ட் இன்னும் கடுமையான நெகட்டிவ் கேட்கும், வளைவைப் புதிதாகச் செய்ய வேண்டும். செலவு பயமுறுத்தும் அளவு இல்லை: 25 கிராம் சில்வர் நைட்ரேட்டில் 200 மில்லிக்கு மேல் கரைசல் வரும், 8x10 தாளுக்கு 2 மில்லி வீதம் சுமார் நூறு தாள்.

பிளாட்டினம் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே நெகட்டிவில் இருந்து ஒரேமாதிரி மூன்று பிரதிகள் எடுக்க முடியாத கைக்கு அந்த உலோகத்தின் விலை நியாயமில்லை. வெட் பிளேட்டை, அதாவது ஈரத் தகட்டில் படம் எடுக்கும் முறையை, வேண்டாம் என்றே சொல்கிறேன். தகட்டில் பூசும், ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கொலோடியன் எளிதில் தீப்பிடிக்கும், தகடு ஈரமாக இருக்கும்போதே எடுத்துக் கழுவியாக வேண்டும், உங்கள் வெயிலில் அது நிமிடங்களில் காயும். அதைவிடப் பெரிய காரணம், அது கேமராவில் புதிதாக எடுக்கும் முறை; சேர்த்துவைத்திருக்கும் படங்களுக்கு அது பதில் அல்ல. கம் பைகுரோமேட் என்ற பிசின் அச்சு முறையைச் செய்யச் சொல்லி யாராவது வந்தால், பொட்டாசியம் டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதையும் அந்தக் கழிவு உங்கள் வீட்டுச் சாக்கடையில்தான் போகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின்மேல் வேறு பொருள் சேர்ப்பதைப் புதுமோகம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், காகித நெகட்டிவில் வெறுமையாக நின்ற வானத்தில் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை எடுத்து 21 பிரதிகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். மேகம் வானத்துக்குத் தேவைப்பட்டது, சுருள் கல்வெட்டுக்குத் தேவைப்பட்டது. உங்கள் நூலும் தங்கமும் எந்தப் படத்துக்குத் தேவை என்று அதேபோல் கேளுங்கள். பாத்தி வரப்புகளின் கோட்டில் நூல் ஓடுவது எனக்குப் பிடிபடுகிறது. தங்க ரேக்கு எதற்கு என்று உங்கள் கடிதத்தில் இருந்து தெரியவில்லை.

தையல், படம் முழுக்கக் காய்ந்து இரண்டு நாள் பாரத்தின் கீழ் இருந்த பிறகுதான். ஃபோம் பலகைமேல் படத்தை வைத்து, முன்பக்கத்திலிருந்து ஊசியால் முதலில் எல்லாத் துளைகளையும் போட்டுவிடுங்கள். பிறகு நூல் கோத்தால் போதும். துளைகளுக்கிடையே 4 மில்லிமீட்டராவது விடுங்கள், நெருக்கினால் தபால்தலை ஓரம்போல் கிழியும். நூலை ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் முடிச்சு போட்டால் பாரம் வைக்கும்போது அது முன்பக்கம் மேடாகத் தெரியும். நுனியை மைதாப் பசையால் ஒட்டுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் போட்ட பசை கூடாது, தாமிர உப்பு படத்தில் கறை பண்ணும்.

தங்கத்தை வைத்தே தீருவது என்றால் தஞ்சாவூர் ஓவிய முறையில் சுக்கான் மாவுப் பசை மேடு கட்டி ஒட்டாதீர்கள். சுக்கானும் கால்சியம் கார்பனேட்தான். ஈரத்தோடு வைக்கும்போது சுற்றிலும் நீலம் அரிக்கப்பட்டு மஞ்சள் வளையம் விழும். அக்ரிலிக் மீடியங்களும் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை, அவற்றாலும் நீலம் மங்கும். 2 சதவீத ஜெலட்டினை வேண்டிய இடத்தில் மட்டும் தீட்டி, ஒட்டும் பதத்தில் ரேக்கை வைப்பது பாதுகாப்பு.

உப்புக் கல்லைப் படத்தின்மேல் ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே கசியத் தொடங்கும். மெக்னீசியம் கலந்த கல்லுப்பு அதற்கு வெகு முன்பே கசியும். உங்கள் ஊரில் அது காகிதத்தில் இறங்கிப் படத்தை அரித்துவிடும். உப்பு காட்சியில் இருந்தே ஆக வேண்டுமென்றால், சட்டத்துக்குள் கண்ணாடித் தடுப்பு வைத்து, மூடிய சிறு கண்ணாடிக் குழாயில் வையுங்கள். சட்டம் போடும்போது சயனோடைப்புக்கு ‘பஃபர்டு’ மவுண்ட் போர்டு வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள், அதிலும் கார்பனேட் இருக்கும். நேர் வெயில் படும் சுவரில் நீலம் மங்கும். மங்கியதைச் சில வாரம் இருட்டில் காற்றுப்பட வைத்தால் பெருமளவு திரும்பும் என்பது இந்த நீலத்தின் நல்ல குணம், ஆனால் அதை நம்பி ஜன்னலெதிரே மாட்டாதீர்கள்.

அடுத்து எழுதும்போது முடித்த படம் எதையும் அனுப்ப வேண்டாம். அந்த நான்கு துண்டுகளையும் ஒரு 21 கட்டப் பட்டையையும் அனுப்புங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் காகிதத்தின் பெயர், தண்ணீர், பூசிய நேரம், வெயில் காட்டிய நிமிடம் நான்கையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை அமிலத் தொட்டியில் கரைந்து முன்பக்கம் வந்துவிடும்.